கூட வேலை செய்கிறவர்களின் பொறாமையைச் சமாளிப்பது எப்படி: பனியன் கம்பெனி லைனில் கற்றுக்கொண்ட வழிமுறைகள்

திருப்பூரில் சனிக்கிழமை பொழுதோட சம்பளக் கவர் கைக்கு வரும். வாங்கினவுடனே தன் பணத்தை எண்ணுகிறவர்கள் குறைவு. பக்கத்து மெஷினில் இருப்பவரின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அவருக்கு எவ்வளவு, நம்மைவிட எச்சா (அதிகமா), அவர் மட்டும் எப்படி ஒன்றரை ஷிப்ட் வாங்கினார் என்று கண்ணாலேயே கணக்கு ஓடும். அந்த ஒரு நிமிஷத்தில் பிறந்தது சில சமயம் திங்கட்கிழமை காலை கத்தரி காணாமல் போவதில் வந்து நிற்கும்.

பத்தொன்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கைமடியாகச் (டெய்லருக்கு உதவியாளாக) சேர்ந்து, செக்கிங் பார்த்து, சிங்கர் டெய்லராகி, லைன் (மெஷின் வரிசை) சூப்பர்வைசராகி, இப்போது ஆட்கள் நிர்வாகம் பார்க்கிறேன். பொறாமைத் தகராறு என்று என் மேஜைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இடத்தில்தான் தொடங்கியிருந்தன. யாருக்கு, எதை, எதற்காகக் கொடுத்தோம் என்று மேலே இருப்பவர்கள் வாய் திறந்து சொல்லாத இடம் அது. காரணம் தெரியாதபோது மனசு தானாக ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்ளும். அது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் ஆளைப் பற்றியதாக இருக்கும்.

கீழே உள்ளவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள். முதல் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

1. முதலில், அது பொறாமைதானா என்று பாருங்கள்

இந்தப் படியில் நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

அப்போது நான் லைன் சூப்பர்வைசர். என் லைனில் ஒரு அக்கா, பதினோரு வருஷ சிங்கர் டெய்லர், காலர் டீசர்ட்டுக்குப் பட்டி வைக்கிற வேலையில் இருந்தார். அவருக்கு முன் மெஷினில், சேர்ந்து எட்டே மாதமான ஒரு பொண்ணு ஓவர்லாக்கில் பக்கவாட்டுத் தையல் அடித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் புதிதாக ஊக்கத்தொகை கொண்டுவந்தார்கள். நாள் முடிவில் எத்தனை பீஸ் என்று எண்ணித் தருவது. முதல் மாதம் அந்தப் பொண்ணுக்குக் கிடைத்தது, அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அக்கா அவளிடம் வெடுக் வெடுக்கென்று பேச ஆரம்பித்தார். பண்டலை நகர்த்திக் கொடுக்க மாட்டார், டீ நேரத்தில் பக்கத்தில் உட்கார மாட்டார். மேனேஜர் என்ன விஷயம் என்று கேட்டபோது நான் சொன்னேன்: "அந்தக்காவுக்குச் சின்னப் புள்ளை மேல வயித்தெரிச்சலுங்க சார்."

அக்கா அடுத்த மாதம் வேலையை விட்டு நின்றுவிட்டார். பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு தையலுக்கும் இத்தனை நிமிஷம் என்று ஓர் அளவு உண்டு. எஸ்.ஏ.எம் என்பார்கள். பக்கவாட்டுத் தையலுக்கு அரை நிமிஷம் வைத்திருந்தோம். பட்டிக்கு ஒன்றரை நிமிஷம். ஒரு ஷிப்ட் என்பது 480 நிமிஷம். அந்தப் பொண்ணு 800 பீஸ் அடித்தால் 400 நிமிஷ வேலை, அதாவது 83 சதவீதம். அக்கா 290 பீஸ்தான் அடித்தார். ஆனால் அது 435 நிமிஷ வேலை. 90 சதவீதத்துக்கு மேலே. லைனில் நன்றாக வேலை செய்தவர் அவர்தான். பீஸை மட்டும் எண்ணி அவரைப் பின்னால் தள்ளியது எங்கள் கணக்கு. அதை எடுத்துக் கேட்க வழியில்லாமல் அவர் கோபம் முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பொண்ணு மேல் திரும்பியது. நான் அதற்கு வயிற்றெரிச்சல் என்று பேர் வைத்து முடித்துவிட்டேன். இன்றைக்கும் எனக்கு அது வெசனமாகத்தான் இருக்கிறது.

அதனால் யாராவது உங்கள் மேல் பொறாமைப்படுகிறார் என்று தோன்றினால், மூன்று கேள்விகளை உங்களையே கேளுங்கள். அவருக்கு உண்மையிலேயே ஒரு நஷ்டம் நடந்திருக்கிறதா? அந்த நஷ்டம் நீங்கள் உண்டாக்கியதா, மேலிருந்து வந்ததா? அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் உங்களுக்கும் பொக்கென்று போகுமா? முதல் கேள்விக்கு ஆமாம் என்றால், அது குறை. குறையைத் தீர்க்க வேண்டும். அதைப் பொறாமை என்று சொன்னால் அவருடைய நியாயத்தை நாம் வாயடைத்த மாதிரி ஆகிவிடும்.

வேறு சில விஷயங்களும் பொறாமை மாதிரியே தெரியும். வீட்டில் மாமனாருக்குச் சீக்கு, கந்து வட்டி, பிள்ளை பிளஸ் டூவில் பெயில். மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பவர் எல்லாம் நம்மைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வாரம் பாருங்கள். உங்களிடம் மட்டும் அப்படி இருக்கிறாரா, எல்லாரிடமுமா? உங்களுக்கு நல்லது ஏதாவது நடந்த நாளுக்குப் பிறகுதான் மாறினாரா? உங்களிடம் மட்டும்தான், அந்த நாளுக்குப் பிறகுதான் என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

2. எதை ஒப்பிடுகிறார் என்று கண்டுபிடியுங்கள்

முதலாளியின் காரைப் பார்த்து டெய்லருக்கு வயிறு எரியாது. பக்கத்து மெஷினில், அதே மாதம் சேர்ந்து, அதே ஊர்ப் பஸ்ஸில் வருகிறவர் வாங்கிய ஸ்கூட்டியைப் பார்த்தால் எரியும். மனிதர்கள் தங்களுக்கு நிகரானவர்களோடுதான் தங்களை அளந்து பார்க்கிறார்கள் என்பதை லியோன் பெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954லேயே கோட்பாடாக எழுதினார். லைனில் நின்று பார்த்த யாருக்கும் இது புதிதாக இருக்காது.

ஒப்பிடும் பொருள் எப்போதும் பணமாகவும் இருக்காது. பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனுக்குப் போவது ஒரு மரியாதை. துணி வாங்குபவருக்குக் காட்ட மாதிரி தைக்கிற இடம் அது. டார்கெட் நெருக்கடி இல்லை, மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கலாம். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் என் அக்கா மகனுக்கு அது ஆன்சைட், அதாவது கம்பெனி வெளிநாட்டுக்கு வேலைக்கு அனுப்புவது. ஈரோட்டு ஜவுளிக் கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் நிற்பது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர் சீட்டுக்குப் பக்கத்தில் யாரை நிற்க விடுகிறார்கள் என்பது.

கோயமுத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் நடந்ததை என் வீட்டுக்காரர் சொல்லுவார். அவர் அங்கே வேலை பார்த்தபோது, முப்பது வருஷம் லேத்து ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி மெஷின் வந்தது, அதை ஓட்ட டிப்ளமோ முடித்த பையன் வந்தான். பெரியவர் அவனுக்கு ஒன்றுமே சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த இரும்புக்கு எந்த டூல் தாங்கும், வார்ப்பில் காற்றோட்டை இருந்தால் சத்தம் எப்படி மாறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கேட்டால், "புஸ்தகத்துல படிச்சிருப்பியே தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பையனின் சம்பளம் அவர் சம்பளத்தைவிடக் குறைவு. அவர் பயந்தது தான் இனிமேல் இந்தப் பட்டறைக்கு வேண்டாத ஆள் ஆகிவிடுவோம் என்பதற்கு. முதலாளி செய்தது ஒன்றே ஒன்று. புது வார்ப்பு வந்தால் மெஷினில் ஏற்றும் முன் பெரியவர் தட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஏற்ற வேண்டும் என்று ஏற்பாடு பண்ணினார். நான்கைந்து வாரத்தில் அவரே பையனைக் கூப்பிட்டு, "இங்க வா சாமி, இந்தச் சத்தத்தக் கேளு" என்று காட்ட ஆரம்பித்தார்.

ஆக, பணமா, வேலையின் வகையா, ஷிப்டா, மேலிருப்பவரின் கண் பார்வையா, பயமா என்று பாருங்கள். தெரியாமல் பேசப் போனால் வேறு இடத்தில் மருந்து தடவுவோம்.

3. நீங்கள் விசிறி விடுகிறீர்களா?

உங்கள் முன்னேற்றத்துக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. உழைத்து வாங்கியதை ஒளிக்கவும் வேண்டாம். ஆனால் சில காரியங்கள் தேவையில்லாமல் நெருப்பை விசிறும். சம்பளத்தன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நகைக்கடைப் படம் வைப்பது. "முதலாளி எங்க ஊர்க்காரருங்க, எங்களுக்கு ஒறம்பர (சொந்தக்காரர்) முறையாகுது" என்று அடிக்கடி சொல்வது. மேனேஜர் தனியாகச் சொன்ன விஷயத்தை எனக்குத்தான் முதலில் தெரியும் என்ற தோரணையில் சொல்வது. இந்த மூன்றையும் நிறுத்துங்கள்.

சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதை நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். "பேட்லாக் மெஷின் ஓட்டறதுக்கு எனக்குப் பழக்கி உட்டது அந்தக்காதான்" என்று ஒரு வாக்கியம். உண்மையாக இருந்தால் மட்டும்.

4. நேரில் பேசுங்கள்

எல்லாரும் பயப்படுவது இந்தப் படிக்குத்தான். நம் பக்கத்தில் நேராகக் கேட்பதைச் சண்டைக்குப் போவதாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் மூன்றாவது ஆளிடம் சொல்லி, அவர் நான்காவது ஆளிடம் சொல்லி, கடைசியில் உரியவர் காதுக்குப் போகும்போது விஷயம் உருமாறியிருக்கும். நேரில் பேசுவதே மரியாதை. எப்போது, எங்கே, எப்படி என்பதில்தான் கவனம் வேண்டும்.

சம்பள நாளில் வேண்டாம். ஷிப்மென்ட் போகும் நாளில் வேண்டவே வேண்டாம். லைனில், நாலு பேர் காதுபட வேண்டாம். போனில் எழுதி அனுப்ப வேண்டாம். எழுத்துக்குக் குரல் கிடையாது, பிறகு அதையே படம் எடுத்துச் சுற்றுக்கு விடுவார்கள். செவ்வாயோ புதனோ சாயங்கால டீ நேரத்தில், அல்லது பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது பக்கத்தில் நடந்தபடி பேசுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிடப் பக்கத்தில் நடந்து பேசுவது எளிது. கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

"உங்களுக்கு எம்மேல பொறாமை" என்ற சொல்லை வாயிலேயே எடுக்காதீர்கள். அதை ஒத்துக்கொள்கிற மனுஷர் யாரும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்லுங்கள்:

"ஏனுங்கக்கா, போன வாரத்துல இருந்து நீங்க எங்கிட்டப் பேசறதே இல்லீங்க. நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணியிருந்தாச் சொல்லுங்கக்கா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. நீ போயி வேலையப் பாரு."

இந்தப் பதில்தான் வரும். முதல் தடவையே மனசைத் திறந்து கொட்ட மாட்டார்கள். இங்கே விட்டுவிடவும் கூடாது, பிடித்து உலுக்கவும் கூடாது.

"சரிங்கக்கா. இப்ப வேண்டாம்னா பரவால்லீங்க. ஆனா உங்ககிட்டப் பேசாம எனக்குப் பொழுது போக மாட்டேங்குதுங்க. ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்."

சொன்ன மாதிரி இரண்டு நாள் கழித்துப் போங்கள். நான் பார்த்தவரை இரண்டாவது தடவையில்தான் உண்மை வெளியே வரும். "நீ வந்து எட்டு மாசம் ஆகல, உன்னய சாம்பிளுக்குக் கூப்பிட்டாங்க. நான் இங்க வந்து ஆறு வருசம் ஆச்சு, என்னய ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்று வந்தால், அந்த இடத்தில் உங்களுக்காக வாதாடாதீர்கள். "ஆமாங்கக்கா, உங்களக் கேட்டிருக்கோணும்" என்று சொல்லுங்கள். அது உண்மைதானே. அவரைக் கேட்டிருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டால் உங்கள் தகுதி குறைந்துவிடாது. வேண்டுமானால் இன்னொன்றும் செய்யலாம்: "மாஸ்டர்கிட்ட நான் சொல்றேனுங்க, அடுத்த சாம்பிளுக்கு உங்களக் கூப்பிடச் சொல்லி." சொன்னால் செய்ய வேண்டும். செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள்.

வயதில் மூத்த ஆணாக இருந்தால் "அண்ணா", இன்னும் பெரியவராக இருந்தால் "ஐயா". நீங்கள் அவருக்கு மேல் பதவியில் இருந்தாலும் இந்த 'ங்க' போகக் கூடாது. பதவி உயர்ந்த மறுநாளே "வாங்கண்ணா" என்பது "வாப்பா" ஆனதால் வந்த பகையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

5. வேலையில் கை வைத்தால், எழுத்து வேண்டும்

பேசாமல் இருப்பது, முகம் திருப்புவது எல்லாம் மனசைப் பொறுத்தது. வேலையைக் கெடுப்பது வேறு விஷயம். எம் சைஸ் முன்பாகத்தை எல் சைஸ் பண்டலுக்குள் வைத்துவிடுவார்கள். மெஷினின் நூல் இறுக்கத்தைத் திருகிவிட்டுப் போவார்கள். தையல் தொளதொளவென்று விழும், செக்கிங்கில் உங்கள் பேர் அடிபடும். ஆபீஸ் வேலையில், துணி வாங்கும் பையருக்குப் போக வேண்டிய மெயிலில் உங்கள் பேரை விட்டுவிடுவார்கள், அல்லது மீட்டிங் நேரம் மாறியதைச் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு ஆத்திரம் உதவாது, பழக்கம் உதவும். ஒவ்வொரு பண்டலிலும் சீட்டு இருக்கும். சைஸ், கட்டிங் நம்பர், எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். தைக்கத் தொடங்கும் முன் சீட்டையும் பீஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் தைக்காமல் அப்போதே சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், யாரையும் கை காட்டாமல். காலையில் மெஷினில் உட்கார்ந்ததும் கழிவுத் துணியில் ஒரு சாண் தைத்துப் பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். "அவதான் பண்ணியிருப்பா" என்று அதில் எழுத வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். மூன்று முறையாவது நடந்து, அதில் ஒரே ஆள், ஒரே நேரம் என்று ஒரு ஒழுங்கு தெரிந்தால் ஏழாவது படிக்குப் போங்கள்.

6. கோளும் வதந்தியும்

ஒரு பெண் முன்னேறினால் அவள் நடத்தையைப் பற்றிப் பேசுவார்கள். சூப்பர்வைசர் ஆனால் மேனேஜரோடு சேர்த்துப் பேசுவார்கள். இதைப் பொறாமை என்ற மெல்லிய சொல்லுக்குள் அடக்கி, சகித்துக்கொள் என்று யாரும் உங்களுக்குச் சொல்லக் கூடாது. வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். ஆபாசப் பேச்சு, பாலியல் நோக்கில் அவமானப்படுத்தும் வார்த்தைகள் எல்லாம் அந்தக் குழுவின் முன் வைக்கக்கூடியவை. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை குழு ஏற்றுக்கொள்ளலாம். 10 பேருக்குக் கீழே உள்ள சின்னப் பவர்டேபிள் யூனிட் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடம்) என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். பெண்கள் உதவி எண் 181.

இன்னொன்றையும் கொங்கு நாட்டில் சொல்லாமல் தாண்டக் கூடாது. தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஒருவர் லைன் சூப்பர்வைசர் ஆனால், அதுவரை அவரோடு நன்றாக இருந்தவர்கள்கூட, "அவன் சொல்லி நாங்க கேக்கோணுமா" என்று தொடங்குவதைக் கேட்டிருக்கிறேன். டம்ளர் தனியாக நகரும். இதைப் பேசித் தீர்க்கும் பொறுப்பை அவர் தலையில் கட்டாதீர்கள். நிர்வாகம்தான் அன்றே தலையிட வேண்டும். சாதிப் பேரைச் சொல்லி பொதுப் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்துவது 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். பக்கத்தில் இருந்து கேட்டவர்கள் சாட்சியாக நில்லுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

வடக்கே இருந்து வந்த பிள்ளைகள் மேல் உள்ள காய்ச்சலும் இதோடு சேர்ந்ததுதான். "அவங்களுக்குத்தான் ஓ.டி எல்லாம் குடுக்கறாங்க" என்ற பேச்சு எல்லாக் கம்பெனியிலும் உண்டு. அவர்கள் கம்பெனி விடுதியிலேயே இருப்பதால் ராத்திரி வேலைக்குக் கூப்பிட வசதி. சமைக்க, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வீடு இங்கே இல்லை. அதனால் கிடைக்கிற ஓ.டி அது. 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, என் லைனில் இருந்த ஒடிசாப் பையன்கள் இரண்டு நாள் விடுதியை விட்டு வெளியே வரவில்லை. அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது, ஓ.டிக்காக அவர்களோடு மல்லுக்கட்டிய இரண்டு உள்ளூர் டெய்லர்கள்தான்.

சாதாரணக் கோளுக்கு ஒரே வழி: கேட்டதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "அவ உன்னயப் பத்தி இப்படிச் சொன்னா" என்று வருகிறவரிடம், "அப்படிங்களா, நானே அவங்களக் கேட்டுக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு அவர் உங்களிடம் கோள் கொண்டுவர மாட்டார்.

கண் பட்டுவிட்டது என்று வீட்டில் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டால் போடட்டும். என் மாமியார் இப்போதும் போடுவார், எனக்கும் அது ஆறுதல்தான். ஆனால் யார் கண் என்று பேர் சொல்லித் தேடத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

7. மேலே சொல்வது

நோட்டோடு போங்கள், கண்ணீரோடு மட்டும் போகாதீர்கள். ஆளின் குணத்தைச் சொல்லாமல், வேலைக்கு வந்த நஷ்டத்தைச் சொல்லுங்கள். "அவங்களுக்குக் கெட்ட புத்தி" என்றால் மேனேஜர் இரண்டு பேரையும் சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்பிவிடுவார். "பன்னண்டாந் தேதி, பதினாறாந் தேதி, பத்தொம்பதாந் தேதி, மூணு நாளும் பண்டல் மாறியிருந்துச்சுங்க, மொத்தம் 46 பீஸ் பிரிச்சுத் தெச்சோம்" என்றால் எழுந்து உட்காருவார்.

சூப்பர்வைசரே அந்த ஆளுக்கு ஒறம்பரையாக இருந்தால்? நம் கம்பெனிகளில் இது சகஜம். சித்தப்பா சொல்லிச் சேர்ந்தவர், மச்சான் மூலம் வந்தவர் என்று பாதிப்பேர் இருப்பார்கள். அப்போது அவரைத் தாண்டிப் போக வேண்டும். ஆனால் அவருக்குத் தெரிந்தே போங்கள். "உங்ககிட்டயும் சொல்லிட்டேனுங்க, மேனேஜர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடறேன்." பொறத்தால போனால் அடுத்த பகை அவரோடு தொடங்கும்.

8. எரிவது உங்கள் வயிறாக இருந்தால்

எனக்கு வந்திருக்கிறது. என்னோடு ஒரே நாளில் கைமடியாகச் சேர்ந்த தோழி, ஒன்பது வருஷத்தில் ஆறு மெஷின் போட்டுப் பவர்டேபிள் வைத்தாள். நம் ஊர் இப்படித்தான். இன்றைக்கு உங்கள் பக்கத்தில் நூல் வெட்டுகிறவர் நாளைக்கு உங்களுக்குச் சம்பளம் கொடுப்பார். அதுதான் திருப்பூரின் பெருமை. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அதுவே நோவு. அவள் புது வீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு நான் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். அன்று முழுக்க வீட்டில் படுத்துக்கொண்டு, அவளுக்கு அவள் அண்ணன் பணம் கொடுத்திருப்பார், நமக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டச்சு மொழியில் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அவரைப்போல நானும் ஆக வேண்டும் என்பதற்கு ஒன்று, அவரிடம் இருப்பது போய்விட வேண்டும் என்பதற்கு வேறொன்று. நாம் முதலாவதை ஏக்கம் என்று சொல்லலாம். உங்கள் மனசில் இருப்பது இரண்டில் எது என்று நேர்மையாகப் பாருங்கள். ஒரு தாளில், அவளிடம் இருப்பதில் எனக்கு வேண்டியது எது என்று எழுதுங்கள். நான் எழுதியபோது ஆறு மெஷின் என் பட்டியலில் வரவே இல்லை. யாரும் என்னை "ஏய்" என்று கூப்பிடக் கூடாது என்பதுதான் வந்தது. அதற்கு நான் கம்பெனி வைக்க வேண்டியதில்லை. டிகிரியைத் தபால் வழியில் முடித்தேன். இந்த வேலைக்கு வந்தேன்.

பிறகு அவளிடமே போய்க் கேட்டேன். எப்படிச் செய்தாய் என்று. தாலிக்கொடி மூன்று வருஷம் அடகில் இருந்ததையும், சாயம் போன ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்து ஒரு தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்காததையும் சொன்னாள். அண்ணன் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. நமக்குத் தெரியாத பாதியை நாமே நிரப்பிக்கொள்வதில்தான் எரிச்சல் பெருகுகிறது. கேட்டால் பாதி அடங்கும். மீதி அடங்காவிட்டால், தூக்கம் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

9. நீங்கள் சூப்பர்வைசரோ முதலாளியோ என்றால்

உங்கள் கையில்தான் முக்கால்வாசி இருக்கிறது. சாம்பிள் செக்‌ஷனுக்கு ஆள் எடுப்பதற்கு என்ன தகுதி என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஓ.டி சுழற்சிப் பட்டியலையும் ஒட்டுங்கள். ஊக்கத்தொகை தந்தால் பீஸை மட்டும் எண்ணாமல் நிமிஷத்தில் கணக்கிடுங்கள்.

தீபாவளி போனஸ்தான் எங்கள் ஊரில் வருஷத்தின் பெரிய பொறாமைக் காலம். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். இரண்டு பேருக்கும் ஒரே சதவீதம் போட்டாலும், வேலைக்கு வந்த நாளும் கூலியும் வேறாக இருப்பதால் தொகை மாறும். இது பாதிப்பேருக்குத் தெரியாது. அவளுக்கு 14,000, எனக்கு 11,500 என்பது மட்டும்தான் தெரியும். கவரின் மேலேயே எழுதிக்கொடுங்கள்: வருஷத்தில் இத்தனை நாள், மொத்தக் கூலி இவ்வளவு, இத்தனை சதவீதம், ஆக இவ்வளவு. நாங்கள் அப்படி எழுதத் தொடங்கிய வருஷம், போனஸ் வாரத்தில் என் அறைக்கு அழுதுகொண்டு வந்தவர்கள் கணிசமாகக் குறைந்தார்கள். வந்த சிலரும் நாள் கணக்கில் தப்பு இருப்பதைக் காட்ட வந்தவர்கள், அதில் இரண்டு உண்மையாகவே தப்பு.

ஒருவரைப் பாராட்ட இன்னொருவரை மட்டம் தட்டாதீர்கள். "அவளப் பாரு, நீயும் இருக்கியே" என்ற ஒரு வாக்கியம் போதும், ஒரு லைன் மூன்று மாதம் பேசாமல் இருக்க.

10. ஊருக்குள் போகும்போது

கம்பெனியில் நடந்தது கம்பெனியோடு நிற்காது. அதே பஸ், அதே மாரியம்மன் நோம்பி, அதே ஏலச்சீட்டு. அதனால் லைன் சண்டையை வீட்டாரிடம் சொல்லும்போது பேர் சொல்லாமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரரும் அவர் வீட்டுக்காரரும் டீக்கடையில் மோதிக்கொண்டால் பிறகு அதைப் பிரிக்க ஊர்ப் பெரியவர்கள் வர வேண்டியிருக்கும். உறவு கெட்டிருந்தாலும் அவர் வீட்டுச் சாவுக்குப் போங்கள். கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தாலும் இதற்குப் போங்கள். நான் பார்த்த இரண்டு பெரிய பகைகள் அப்படி ஒரு துக்க வீட்டில்தான் தணிந்தன.

11. வேலையை விட்டு நிற்பதென்று முடிவு செய்தால்

எல்லாம் செய்து பார்த்தும் மாறவில்லை, நிர்வாகமும் கேட்கவில்லை என்றால், போகலாம். அது தோல்வி ஆகாது. ஆனால் கோபம் வந்த நாளில் நிற்காதீர்கள். ஒரே கம்பெனியில் தொடர்ந்து 5 வருஷம் முடித்தவர்களுக்குப் பணிக்கொடை உண்டு, வருஷத்துக்கு 15 நாள் கூலி வீதம். நாலே கால் வருஷத்தில் ஒரு வாய்ச்சண்டைக்காகக் கத்தரியைப் போட்டுவிட்டுப் போன ஒருவரை எனக்குத் தெரியும். தீபாவளி நெருக்கத்தில் இருந்தால் போனஸ் கணக்கைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பி.எஃப் கணக்கின் யூ.ஏ.என் நம்பரை எழுதிக்கொண்டு, புதுக் கம்பெனியில் அதே நம்பரைக் கொடுங்கள். பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்ததா என்று ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். கடைசி வாரக் கூலியை வாங்கிவிட்டு, லைனில் போட்ட ஏலச்சீட்டுக்கு இன்னும் எத்தனை தவணை பாக்கி, அதை யாரிடம் கட்டுவது என்று கேட்டு எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.